சுமையா, பழுதா? ஒரு மின்பொறியியலாளரின் வாழ்வும் ஒரு குண்டும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மின்கம்பிகளில் தொடுகையுற்றதே காரணம் என அமைச்சர் அறிவித்தார். அன்று முழுவதும் சமூக ஊடகங்களில் குரங்குப் பகிடிகள்தான். ஆனால், கேட்கப்பட வேண்டிய கேள்வி குரங்கைப் பற்றியதல்ல. பாணந்துறையில் ஓர் இடத்தில் நேர்ந்த பழுது ஏன் பாணந்துறையோடு நிற்கவில்லை? அதற்காக மட்டக்களப்பு வைத்தியசாலையில் ஏன் ஜெனரேட்டர் போட வேண்டும்?

பழுதுபட்ட துண்டை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை எரியவிடுவது எப்படி என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே விடை தேடியவர் சார்ள்ஸ் ஹெஸ்டர்மன் மேர்ஸ். மின்பொறியியல் படித்தவர்களுக்கு 'மேர்ஸ் - பிரைஸ்' பாதுகாப்பு முறை தெரிந்திருக்கும். பரீட்சைக்குப் படம் கீறியிருப்பார்கள். பிரித்தானியாவின் தேசிய மின்வலையமைப்புக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர், மின்சார ரயில்களின் முன்னோடி என்றெல்லாம் அவரைச் சொல்வார்கள். நான் படித்தது ஊடகக் கற்கைகள். அந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டைப் பற்றி எழுதுவதற்காகத் தேடியபோதுதான் இந்தப் பெயர் என் கண்ணில் பட்டது. அவர் எப்படி இறந்தார் என்பதை வாசித்த பிறகு, அவரைப் பற்றி எங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

டைன் ஆற்றங்கரைப் பையன்

மேர்ஸ் 1874 ஒக்டோபர் 5ஆம் திகதி, இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் இருக்கும் கேட்ஸ்ஹெட் நகரில் பிறந்தார். அதற்குப் பதினெட்டு நாட்களுக்கு முன்னர்தான் காலியில் டி.ஜே. விமலசுரேந்திர பிறந்திருந்தார். இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் ஆய்வுக்கட்டுரை வாசித்தவர், எங்கள் ரயில்களையும் மின்சாரத்தில் ஓட்டலாம் என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர் அவர். லக்ஸபான மின்நிலையம் 1950இல் வந்தது. ரயில் மட்டும் இன்றைக்கும் டீசலில்தான் மட்டக்களப்புக்கு வருகிறது.

மேர்ஸின் தந்தை ஜோன் தியடோர் மேர்ஸ் ஜேர்மன் பல்கலைக்கழகங்களில் படித்தவர். தொழிலால் இரசாயனவியலாளர். ஐரோப்பியச் சிந்தனை வரலாற்றைப் பல பாகங்களாக எழுதிய அறிஞருமாவார். நியூகாசில் நகருக்கு மின்சாரம் வழங்கும் கம்பனியை 1889இல் ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். தாயின் குடும்பம் குவேக்கர் குடும்பம். போரை ஏற்காத, ஆடம்பரத்தை விரும்பாத கிறிஸ்தவப் பிரிவு அது. மேர்ஸ் படித்ததும் யோர்க் நகரில் குவேக்கர்கள் நடத்திய பூதம் பாடசாலையில்தான். பின்னர் நியூகாசில் கல்லூரியில் படித்து, தந்தையின் கம்பனி மின்நிலையத்தில் தொழில் பழகினார்.

இருபத்து நான்கு வயதளவில் அயர்லாந்தின் கோர்க் நகரில் ட்ராம் வண்டிகளுக்கும் தெருவிளக்குகளுக்கும் மின்சாரம் கொடுக்கும் கம்பனியின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே சந்தித்த வில்லியம் மக்லெலனுடன் சேர்ந்து பின்னர் நடத்திய 'மேர்ஸ் அன்ட் மக்லெலன்' ஆலோசனை நிறுவனம் உலகமெங்கும் வேலை செய்தது.

1901இல் வோல்ஸெண்ட் என்ற இடத்தில் நெப்டியூன் பேங்க் மின்நிலையம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் விஞ்ஞானி கெல்வின் பிரபு. ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்கென்று ஒரு எஞ்சினை வைத்திருந்த காலம் அது. பெரிய மின்நிலையங்களைக் கட்டி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, கப்பல் கட்டும் இடங்களுக்கும் வீடுகளுக்கும் ரயிலுக்கும் ஒரே வலையிலிருந்து கொடுத்தால் மின்சாரம் மலிவாகும் என்பதே மேர்ஸ் வாழ்நாள் முழுவதும் வாதிட்ட விடயம்.

ஆனால், இணைப்பதில் ஓர் ஆபத்து இருந்தது. எல்லாரும் ஒரே வலையில் இருந்தால், ஒருவரின் பழுது எல்லாரையும் தாக்கும்.

வாய்க்காலில் ஒரு உடைப்பு

வீட்டு மீற்றர் போர்ட்டில் இருக்கும் பியூஸுக்கு ஒரே ஒரு அறிவுதான் உண்டு. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் வந்தால் எரிந்து அறும். வீட்டுக்கு அது போதும். பல மின்நிலையங்களும் பல பாதைகளும் சேர்ந்த வலையில் அது போதாது. ஓரிடத்தில் பழுது என்றால் நாலு பக்கத்திலிருந்தும் மின்சாரம் அதை நோக்கி ஓடும். நல்ல கம்பிகளிலும் அளவுக்கு மிஞ்சித்தான் ஓடும். அளவை மட்டும் பார்த்து வெட்டினால், பழுதில்லாத கம்பிகளும் சேர்ந்து வெட்டுப்படும்.

மேர்ஸும் அவரோடு வேலை செய்த பேர்னார்ட் பிரைஸும் 1904இல் காப்புரிமை பெற்ற முறை இதற்கு விடை சொன்னது. அதை எங்கள் ஊர் வைத்தே சொல்லலாம்.

நான் உன்னிச்சை ஆள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது ஊர். உன்னிச்சைக் குளத்திலிருந்து வாய்க்காலில் தண்ணீர் திறந்தால், அது சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று வட்டவிதானை பார்ப்பார். நடுவில் எந்த வாயும் திறக்காத ஒரு துண்டு வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் போகும் தண்ணீரும் கடையில் வரும் தண்ணீரும் ஒரே அளவு என்றால் வாய்க்கால் நன்றாக இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது முக்கியமல்ல. கொஞ்சம் ஓடினாலும் சரி, கரை முட்ட ஓடினாலும் சரி. தலைப்புக்கும் கடைக்கும் கணக்கு இடித்தால்தான் நடுவில் உடைப்பு.

மேர்ஸும் பிரைஸும் செய்தது இதுதான். கேபிளின் இரண்டு முனைகளிலும் மின்னோட்டத்தை அளந்து, மெல்லிய வயர் ஒன்றின் மூலம் இரண்டு அளவையும் ஒப்பிட வைத்தார்கள். போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை ரிலே அசையாது. வெளியே எங்கோ பழுது ஏற்பட்டு இந்தக் கேபிளில் பத்து மடங்கு ஓடினாலும் அசையாது, ஏனென்றால் உள்ளே போனது அப்படியே வெளியே வருகிறது. இந்தத் துண்டுக்குள்ளேயே பழுது என்றால் மட்டும் கணக்கு இடிக்கும். உடனே வெட்டும், இந்தத் துண்டை மட்டும் வெட்டும். 'எவ்வளவு' என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் 'எங்கே' என்று கேட்க வைத்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பு. பெரிய மின்மாற்றிகளையும் ஜெனரேட்டர்களையும் பாதுகாக்கும் ரிலேக்கள் இன்றைக்கும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

ஓடிக்கொண்டே இருக்கும் சுமை

அதே 1904இல்தான் மேர்ஸின் மின்சார ரயிலும் வந்தது. நியூகாசிலில் மின்சார ட்ராம்கள் ஓடத் தொடங்கியதும் நோர்த் ஈஸ்டர்ன் ரயில்வே இலட்சக்கணக்கில் பயணிகளை இழந்தது. அவர்களைத் திருப்பி எடுக்க, டைன் கரையோரப் பாதைகளை 600 வோல்ட் நேரோட்ட மின்சாரத்துக்கு மாற்றினார்கள். ஆலோசகர் மேர்ஸ். 1904 மார்ச் 29ஆம் திகதி சேவை ஆரம்பமானது. ஒரு வாரம் கழித்து லிவர்பூலிலும் வேறொரு கம்பனி மின்சார ரயிலை ஓட்டியது. பிரித்தானியாவின் பிரதான ரயில் கம்பனிகள் புறநகர்ப் பாதைகளை மின்மயமாக்கிய ஆரம்பம் இந்த இரண்டும்தான்.

மின்நிலையத்திலிருந்து ரயில்பாதை உபநிலையங்களுக்குப் போகும் கேபிள்களுக்கு மேர்ஸ் - பிரைஸ் முறை நன்றாகப் பொருந்தும். ஆனால், உபநிலையத்திலிருந்து ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் தண்டவாளத்துக்கோ மேல்கம்பிக்கோ அது பொருந்தாது. அங்கே ரயில் நடுவில் நின்று மின்சாரத்தை எடுக்கிறது. வாய்க்காலின் நடுவில் விவசாயிகள் வாய் திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் போன்றது அது. தலைப்புக்கும் கடைக்கும் கணக்கு இடிக்கத்தான் செய்யும், ஆனால் அது உடைப்பல்ல. போதாக்குறைக்கு இந்த வாய் ஓரிடத்தில் நிற்பதில்லை. மணிக்கு அறுபது, எழுபது கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அளவை வைத்தாவது கண்டுபிடிக்கலாமா? ஒரு கணக்குப் பார்ப்போம். 1500 வோல்ட் நேரோட்டப் பாதை ஒன்றில், உபநிலையத்திலிருந்து தூரத்தில் கம்பி அறுந்து தண்டவாளத்தில் விழுகிறது. அங்கு போய்த் திரும்பும் பாதையின் மொத்தத் தடை அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓடும் மின்னோட்டம் 3000 அம்பியர். அதே பாதையில் 1500 அம்பியர் இழுக்கும் இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் புறப்பட்டாலும் அதே 3000 அம்பியர்தான். ஒன்று பழுது, வெட்டாவிட்டால் கம்பி உருகும், ஆட்கள் சாவார்கள். மற்றது வேலைக்குப் போகும் சனம் நிறைந்த ரயில்கள், வெட்டினால் நடுவழியில் நிற்கும். அம்பியர் மீற்றரின் முள் இரண்டுக்கும் ஒரே இடத்தைத்தான் காட்டும்.

இரண்டு பக்கமும் பிழை விடலாம். எல்லாவற்றையும் சந்தேகப்படும்படி ரிலேயை வைத்தால், ரயில் புறப்படும்போதெல்லாம் வெட்டும். அந்த எரிச்சலில் ரிலேயின் எல்லையைக் கூட்டி வைத்தால், உண்மையான பழுதைக் காணாமல் இருந்துவிடும்.

மேர்ஸ் காலத்துக்குப் பின் வந்த பொறியியலாளர்கள் இதற்குக் கண்ட விடை, மின்னோட்டம் எவ்வளவு என்பதோடு அது எப்படி வருகிறது என்பதையும் பார்ப்பது. நேரோட்டத்தில் புறப்படும் பழைய வகை ரயில் படிப்படியாகத்தான் மின்னோட்டத்தைக் கூட்டும். சாரதி ஒவ்வொரு நிலையாகக் கைபிடியை நகர்த்த, மின்னோட்டம் ஏறி, சற்று இறங்கி, மறுபடி ஏறும். பழுதுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரே மூச்சில் ஏறும், நிற்காமல் ஏறும். விவசாயி வாய் திறந்தால் வாய்க்கால் மட்டம் மெல்ல இறங்குவதும், உடைப்பெடுத்தால் மளமளவென்று இறங்குவதும் போல. அதனால் இன்றைய ரிலேக்கள் ஏறும் வேகத்தையும், ஒரே ஏற்றத்தில் எவ்வளவு ஏறியது என்பதையும் சேர்த்துப் பார்க்கின்றன.

25,000 வோல்ட் ஆடலோட்ட ரயில்களுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வரும் பெறுமானம் பழுது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும். மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதும் ரயிலுக்கு ஒரு மாதிரி, பழுதுக்கு வேறு மாதிரி இருக்கும். மின்சாரமில்லாத இடைவெளியைக் கடந்து வரும் ரயிலின் மின்மாற்றி மறுபடி உயிர்பெறும்போது ஒரு கணம் பழுதைப் போலவே பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். அந்த அலையில் வழமையான அதிர்வெண்ணின் இரட்டிப்பு கலந்திருக்கும். அதைக் கண்டால் ரிலே பொறுத்துக்கொள்ளும். சென்னையில் அகதியாக இருந்த எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான தாம்பரம் மின்சார ரயில் இந்த இரண்டு காலத்தையும் கண்டது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் 1500 வோல்ட் நேரோட்டத்தில் தொடங்கி, 1960களில் 25,000 வோல்ட் ஆடலோட்டத்துக்கு மாறியது.

எல்லாவற்றையும் விட மோசமான பழுது சத்தமில்லாதது. அறுந்த கம்பி காய்ந்த மணலிலோ கல்லிலோ கிடந்தால் மிகக் குறைந்த மின்னோட்டமே ஓடும், ரிலேயும் பியூஸும் அதைச் சுமை என்றே நினைக்கும். வயலில் கம்பி அறுந்து கிடந்தால், பியூஸ் போயிருக்கும் என்று நம்பி யாரும் கிட்டப் போகாதீர்கள். மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

உலகத்தை இணைத்தவர்

மெல்பேர்ண் புறநகர் ரயில்களை மின்மயமாக்க 1908இலும் 1912இலும் மேர்ஸ் அறிக்கை கொடுத்தார். முதலாம் உலகப் போர் வந்ததால், 1919இல்தான் அங்கு மின்சார ரயில் ஓடியது. பம்பாய் ரயில் பற்றிக் கருத்துச் சொல்ல 1913இல் அவரை நியமித்தார்கள். அந்த வேலை முடியுமுன்னரே அவர் விலகிக்கொண்டார். அதற்குள் போர் வந்துவிட்டது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பெப்ரவரி 3ஆம் திகதிதான் பம்பாய் விக்டோரியா டேர்மினசிலிருந்து குர்லாவுக்குப் புறப்பட்டது.

குவேக்கர் வீட்டுப் பிள்ளை என்றாலும், அந்தப் போரில் மேர்ஸ் ஒதுங்கி இருக்கவில்லை. பிரித்தானியக் கடற்படைத் தலைமையகத்தில் பரிசோதனைகளுக்கும் ஆராய்ச்சிக்கும் பொறுப்பாக இருந்தார். போருக்குப் பின்னர், நாடு முழுவதையும் ஒரே மின்வலையில் இணைக்க வேண்டும் என்ற அவரது பழைய வாதம் அரசின் காதில் விழுந்தது. 1926இல் சட்டம் வந்தது. 132,000 வோல்ட் கம்பிகள் கோபுரம் கோபுரமாக நாட்டைக் கடந்தன. 1938அளவில் பிரித்தானியா ஒரே வலையாகியிருந்தது.

அடுத்த வருடம் மறுபடி போர் வந்தது. லண்டன் மின்நிலையங்களில் குண்டு விழுந்தபோது, தூரத்து நிலையங்களின் மின்சாரத்தை அந்தக் கம்பிகள் நகரத்துக்குக் கொண்டுவந்தன. அடிபட்ட துண்டைக் கழற்றிவிட்டு மற்றதைத் தொடர்ந்து ஓட்ட அந்த வலையால் முடிந்தது. மேர்ஸ் நாற்பது வருடமாகச் சொல்லிவந்தது குண்டுமழையில் நிரூபணமானது.

1940 ஒக்டோபர் 14ஆம் திகதி இரவு. மேர்ஸுக்கு அறுபத்தாறு வயது நிறைந்து பத்து நாள்கூட ஆகவில்லை. லண்டன் கென்சிங்டனில், மெல்பரி வீதியில் இருந்த அவருடைய வீட்டில் விமானத்திலிருந்து போட்ட குண்டு விழுந்தது. மேர்ஸ், அவருடைய இரண்டு பிள்ளைகள், வீட்டில் வேலை செய்த இருவர் என எல்லாரும் இறந்தனர். மனைவி ஸ்டெல்லா உயிர் தப்பினார்.

குண்டைப் போட்ட விமானிக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. கீழே தெரிந்த முழு நகரமும் அவனுக்குப் பழுதுதான்.

எங்கள் கணக்கு

இதை வாசிக்கும் பலருக்கு இது புதுக் கதையல்ல. வீட்டில் ஐந்து பேர் இருந்து ஒருவர் மட்டும் மிஞ்சிய குடும்பங்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. ஸ்டெல்லா மேர்ஸின் மிச்ச வாழ்க்கையை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படியான அம்மாக்களுக்குப் பக்கத்தில்தான் நான் வளர்ந்தேன்.

நான் சிறுவயதில் குப்பி விளக்கில் படித்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆற்றைக் கடந்து பட்டினத்துக்குப் போய்வந்தால், பையில் இருக்கும் ரோர்ச் பற்றரியும் விசாரணைக்குரிய பொருள்தான். மாமா ஒருவர் வயலுக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்து, அரைநாள் வெயிலில் நின்று விளக்கம் சொன்னது நினைவிருக்கிறது. தண்ணீர் பாய்ச்ச எண்ணெய் வேண்டியவரும் வேறு எதற்கோ எண்ணெய் வேண்டியவரும் அங்கே ஒரே ஆள்தான். எவ்வளவு எண்ணெய் என்று பார்த்தார்கள். எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்று பார்க்கவில்லை. ஓரிடத்தில் ஏதாவது நடந்தால் சுற்றியிருந்த எல்லா ஊரையும் சேர்த்துத்தான் வெட்டினார்கள். பாதையை மூடினார்கள், சாமானை நிறுத்தினார்கள், பெடியன்களை வரிசையில் நிறுத்தினார்கள்.

மனிதர்களை ரிலேயோடு ஒப்பிடுவது சரியா என்று நானே யோசித்தேன். ஒரு வகையில் சரியில்லைதான். கம்பியில் பழுது என்பது பழுது மட்டுமே, மனிதரின் எதிர்ப்புக்குப் பின்னால் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் மேர்ஸின் வேலை தெளிவாகக் காட்டுகிறது. எது பழுது, எது வழமையான வாழ்க்கையின் பாரம் என்று பிரித்தறிவது முடியாத காரியமல்ல. அதற்கு இரண்டு முனையிலும் அளக்க வேண்டும், வயர் இழுக்க வேண்டும், செலவு செய்ய வேண்டும். அளக்காமல் எல்லாவற்றையும் வெட்டுவது மலிவு. அந்த மலிவின் விலையைக் கொடுப்பவர்கள் வெட்டப்பட்ட பக்கத்தில் இருப்பவர்கள்.

இரும்புக்கும் செம்புக்கும் கூட அந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுக்கலாம் என்று 1904இல் இரண்டு பேர் செய்து காட்டினார்கள். அவர்களில் பேர்னார்ட் பிரைஸ் பின்னர் தென்னாபிரிக்காவுக்குப் போய், அங்கே பெரிய மின்சாரக் கம்பனியொன்றில் வேலை செய்தார். மற்றவர் லண்டனில், தன் பிள்ளைகளோடு, தன் வீட்டில் இறந்தார். யுத்தத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கும் கரண்ட் வந்தது. மீற்றர் போர்ட்டில் இருக்கும் ட்ரிப் ஸ்விட்ச்சும் மேர்ஸின் கணக்கைத்தான் செய்கிறது. ஒரு வயரில் போனது மற்ற வயரில் திரும்பி வருகிறதா என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கணக்குக் குறைந்தால், அந்த மின்சாரம் ஒரு மனிதரின் உடம்பு வழியாக நிலத்துக்குப் போகிறது என்று எண்ணி உடனே வெட்டிவிடும். அதில் இருக்கும் சிறிய பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழ வேண்டும். விழாவிட்டால் மின்சார வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.